கிராம்பு மாலையும் நன்னிமாவின் மணப்பையும்



சிட்லபாக்கத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மாலை மக்தபுக்கு ஒன்பது வயது மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன்பு, கழுத்தில் சிறு துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு விரல் அகலமுள்ள வெள்ளைப் பருத்திப் பை அது. அதன்மேல் பச்சை நூலால் ஓர் இலைக்கொடி தைக்கப்பட்டிருந்தது. பை தொங்கியதோ கறுப்புக் கயிற்றில். நம் கண்ணில் முதலில் பட்டது இலைக்கொடியன்று, அந்தக் கறுப்புக் கயிறே. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளாமல், தாயத்து என்றே தீர்மானித்துவிட்டோம். கழற்றி வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். தாயத்துக் கட்டுவோர் பற்றிய நபிமொழியையும் அத்தனை பிள்ளைகள் முன்னிலையில் எடுத்துரைத்தோம். அவள் அழவில்லை. அன்று முழுதும் தலை நிமிராமல் அமர்ந்திருந்தாள்.

மறுநாள் அஸருக்குப் பின் அவளுடைய நன்னிமா வந்தார். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து மகன் குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர். கோபமாகப் பேசவில்லை.

“அதுல ஓதி ஊதினது ஒண்ணுமில்லை ஹஜ்ரத். கிராம்பும் வெட்டிவேரும்தான். பிள்ளையோட அத்தாவுக்குத் தோல் பதனிடுற வேலை. துணியெல்லாம் ஒரே கொடியிலதான் காயுது. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காரமாட்டேங்கிறாங்களாம். அதுக்காகத் தைச்சுக் குடுத்தேன்.”

இழுப்பறையைத் திறந்தோம். ஓரிரவு பூட்டியிருந்ததால் மணம் திரண்டு வந்து முகத்தில் மோதியது. பையைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டோம். அவர் பெருந்தன்மையோடு, “நீங்க தீனைத்தானே சொன்னீங்க” என்று கூறிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. நாம் சொன்னது தீனா? அல்லது கறுப்புக் கயிற்றைக் கண்ட அவசரமா? குழந்தையின் கழுத்தில் மணப்பொருள் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இருந்ததா? அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

விடை தொலைவில் இல்லை. ஆண்டுதோறும் நாம் புரட்டும் ஸஹீஹுல் புகாரியிலேயே இருந்தது. ஆடைகள் பற்றிய அத்தியாயத்தில் இமாம் புகாரி (ரஹ்) தனித்தனிப் பாடங்களாக, பெண்களின் மாலைகளும் ஸிகாபும் என்று ஒன்றும், சிறுவர்களுக்கான ஸிகாப் என்று ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். ‘ஸிகாப்’ என்ற அந்தச் சொல்லைப் பல்லாண்டுகளாகக் ‘கழுத்து மாலை’ என்று ஒரே மூச்சில் பொருள் சொல்லிக் கடந்து வந்திருக்கிறோம். பிள்ளைகளும் அதைத் தங்கச் சங்கிலியாகவே மனத்தில் கண்டிருப்பார்கள். நாமும் அப்படியே கண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸிகாப் தங்கமன்று. அரபுச் சொல்லாராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற இப்னுல் அஸீர் (ரஹ்) (ஹிஜ்ரி 606ல் மறைந்தவர்) தம் ‘அந்நிஹாயா’வில் இதற்கு இரண்டு விளக்கங்கள் தருகிறார். நூலில் மணிகளைக் கோத்துச் சிறுவரும் சிறுமியரும் அணிவது என்பது ஒன்று. கிராம்பு, மஹ்லப், ஸுக் போன்ற மணப்பொருள்களால் செய்யப்படும், முத்தோ மணிக்கல்லோ சேராத மாலை என்பது மற்றொன்று. மஹ்லப் என்பது ஒரு வகைக் காட்டுச் செர்ரியின் விதைப்பருப்பு. ஸுக் என்பது கஸ்தூரி முதலியவற்றைக் கூட்டிப் பிசைந்து செய்யும் மணக்கலவை. நம் வீட்டுச் சுக்குக்கும் அதற்கும் உறவில்லை. பொன்னும் வெள்ளியும் இல்லாத, மணப்பொருளால் ஆன மாலை என்றே இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்களும் சொன்னதாக விரிவுரைகளில் காண்கிறோம். பிள்ளை அசையும்போது அந்த மணிகள் ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்புவதால்தான் அப்பெயர் வந்தது என்றும் சில விரிவுரையாளர்கள் கூறுவர். ‘ஸகப்’ என்றால் இரைச்சல்.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தியை (புகாரி 2122, 5884) மீண்டும் படித்தோம். நபி (ஸல்) அவர்கள் பகல் பொழுதொன்றில் வெளியே புறப்படுகிறார்கள். உடன் அபூஹுரைரா (ரலி). இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பனூ கைனுகா கடைவீதி வரை சென்று திரும்பி, மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டு முற்றத்தில் அமர்கிறார்கள். சின்னவன் இருக்கிறானா என்று பேரரைத் தேடுகிறார்கள். தாயார் பிள்ளையை உடனே அனுப்பவில்லை. சற்று நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். ஏன் தாமதம்? வெளியே நின்ற அபூஹுரைரா (ரலி) நினைத்துக்கொண்டது இது: ஸிகாப் அணிவிக்கிறார் போலும், அல்லது குளிப்பாட்டுகிறார் போலும். பிறகு ஹஸன் (ரலி) ஓடி வருகிறார். பாட்டனார் அணைத்து முத்தமிட்டு, இறைவா இவரை நீ நேசிப்பாயாக, இவரை நேசிப்பவரையும் நேசிப்பாயாக என்னும் கருத்தில் துஆ செய்கிறார்கள்.

ஹஸன் (ரலி) ஹிஜ்ரி 3ல் பிறந்தவர்கள். அபூஹுரைரா (ரலி) மதீனா வந்தது ஹிஜ்ரி 7ல். ஆகவே இது நடந்தபோது பேரருக்கு மூன்று வயதாவது கடந்திருக்கும். அந்த வயதுப் பிள்ளையைப் பாட்டனார் மடிக்கு அனுப்புமுன் ஒரு தாய் என்னென்ன செய்வாள் என்பதை அபூஹுரைரா (ரலி) ஊகித்தார்கள். அவ்வூகத்தில் ஸிகாபுக்குத்தான் முதலிடம். 5884ஆம் அறிவிப்பில் பேரர் கழுத்தில் ஸிகாபோடு வந்ததாகவே அவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊகமும் ஒரு சான்றுதான். மதீனாவின் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றாக இல்லாதிருந்தால் அது மனத்தில் எழுந்தேயிராது. மாவு அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டில் பொன்மாலையை யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். கிராம்பு மாலையை எதிர்பார்த்தார்கள். பிள்ளை ஓடி வந்தபோது மணிகள் உரசும் அந்தச் சிற்றோசையும் கேட்டிருக்குமோ என்று எண்ணாமல் இந்த ஹதீஸை இனி நம்மால் படிக்க இயலாது.

இன்னோர் இடத்திலும் ஸிகாப் வருகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது (புகாரி 5881). பெருநாள் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் பெண்கள் பகுதிக்கு வந்து தர்மம் செய்யத் தூண்டினார்கள். பெண்கள் தங்கள் காதணிகளையும் ஸிகாப்களையும் கழற்றிக் கொடுத்தார்கள். பிலால் (ரலி) தம் துணியில் அவற்றை ஏற்றதாக வேறு அறிவிப்புகளில் காண்கிறோம். காதணியோடு கிராம்பு மாலையும் ஒரே துணியில் விழுந்தது. விலை குறைந்ததை யாரும் தனியே ஒதுக்கியதாகச் செய்தி இல்லை.

அந்தக் கிராம்பு மதீனாவுக்கு எங்கிருந்து வந்தது? அந்நாளில் கிராம்பு மரம் உலகின் ஒரே ஒரு மூலையில்தான் விளைந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியிலுள்ள மலுக்குத் தீவுகளே அம்மூலை. தெர்னாத்தே, திடோர் போன்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகள் அவை. மதீனத்துப் பெண்மணி ஒருவர் நூலில் கோத்த ஒவ்வொரு கிராம்பு மொட்டும் அங்கிருந்து கடலேறி வந்ததுதான். அரபு நாடு சேருமுன் அது நம் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில், அதாவது நபி (ஸல்) அவர்கள் பிறந்த நூற்றாண்டிலேயே, அலெக்சாந்திரியா வணிகரான காஸ்மாஸ் என்பவர், கிழக்கு நாடுகளிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கும் சரக்குகளாகப் பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். மேற்கே போகும் கப்பல்கள் அங்கிருந்து அவற்றை ஏற்றிக்கொண்டன.

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. மன்னாருக்கு அருகில், திருக்கேதீச்சரம் கோயிலை ஒட்டியுள்ள மேடுதான் பழைய மாந்தைத் துறைமுகம். அங்கே 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் மிளகோடு ஒரு கிராம்பும் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று 2018ல் வெளியான ஆய்வு கூறியது. நம் நன்னிமார் தலையணை உறைக்குள் போடும் கிராம்பு எத்தனை பழைய பயணி என்பதற்கு, கரிந்துபோன அந்த ஒற்றை மொட்டு போதும். கஸ்தூரியும் இவ்வழிக்குப் புதிதன்று. சுமத்ராத் தீவின் பாருஸில், கற்பூரத்துக்குப் பேர்போன அந்தத் துறையில், தமிழ் வணிகர் குழுவான திசை ஆயிரத்து ஐநூற்றுவர் 1088ஆம் ஆண்டு நாட்டிய தமிழ்க் கல்வெட்டில், கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய கட்டணம் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகக் கேட்கப்படுகிறது. அரபியின் ‘காஃபூர்’, தமிழின் ‘கற்பூரம்’, மலாயின் ‘காப்பூர்’ மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். சொற்களும் அதே கப்பல்களில்தான் போய் வந்திருக்கின்றன. ஹதீஸ்களில் வரும் ‘குஸ்துல் ஹிந்தீ’, அதாவது இந்தியக் குஸ்து, நம் நாட்டு மருந்துக்கடையில் ‘கோஷ்டம்’ என்று கேட்டால் தரும் அதே வேர்தான்.

கிராம்பின் பிற்காலக் கதை அவ்வளவு மணமுள்ளதன்று. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி விலையைத் தன் கைக்குள் வைக்க எண்ணி, அம்போன் பகுதிக்கு வெளியே நின்ற மரங்களை வெட்டியெறிந்தது. 1770ல் பிரெஞ்சுக்காரர்கள் நாற்றுகளை மொரீசியசுக்குக் கடத்திச் சென்றபின் அந்தத் தனியுரிமை உடைந்தது. பின்னர்ச் சான்சிபார். 1800ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலக் கம்பெனி நம் குற்றாலத்தில் கிராம்புச் செடிகளை நட்டது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றுச் சந்தைக்கு வருகிறது. மதீனத்துப் பெண்களுக்குக் கடல்கள் பல தாண்டி வந்த பொருள், நமக்குக் கன்னியாகுமரியிலிருந்து இரவுப் பேருந்தில் தாம்பரம் வந்து சேர்கிறது.

இனி, நாம் தவறிய இடத்துக்கு வருவோம். தாயத்தைக் கண்டித்த ஹதீஸ் பொய்யன்று. உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிப்பதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் ஒன்பது பேரிடம் நபி (ஸல்) அவர்கள் பைஅத் பெற்றார்கள். ஒருவரிடம் பெறாமல் நிறுத்தினார்கள். அவர் தாயத்து அணிந்திருந்தார். அது அறுக்கப்பட்ட பின்னரே பைஅத் நடந்தது. அதே நபியின் பேரர் கழுத்துக்கு ஸிகாப் தடையாக இல்லை. இரண்டும் நூலில் தொங்குபவைதாம். ஒன்றில் அணிபவர் அல்லாஹ்வை விட்டு அந்தப் பொருளிடம் பாதுகாப்பைத் தேடுகிறார். மற்றொன்றில் மணத்தைத் தவிர எதையும் தேடவில்லை. (குர்ஆன் வசனம் எழுதிக் கட்டுவது பற்றி அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு தனிப்பொருள். அதை இங்கே கிளறவில்லை.) ஆகவே கயிற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. கட்டியவரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். நாம் கேட்கவில்லை.

கேட்டால் எல்லா வீட்டிலும் நன்னிமா சொன்ன விடையே கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் சமயவேறுபாடின்றிப் பிஞ்சுக் குழந்தைகளின் கையில் வசம்பு வளையல் கட்டுகிறார்கள். பூச்சி அண்டாது, வாடை நல்லது என்று கட்டுபவரும் உண்டு, கண்ணேறு படாது என்று கட்டுபவரும் உண்டு. வளையல் ஒன்றே, நம்பிக்கை இரண்டு. சீனத்திலும் இதே கலப்பைக் காணலாம். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் கொண்டாடும் விழாவின்போது அங்கே பெண்கள் பட்டுத் துணியில் பூத்தையல் போட்டு, மணமூலிகை நிரப்பிய சிறு பைகளைப் பிள்ளைகளுக்கு அணிவிப்பார்கள். வாசலில் தொங்கவிடுவது வசம்பு இனத்துச் செடியின் நீண்ட இலை! கான்சு மாநிலத்துச் சிங்யாங் வட்டாரத்தின் பூத்தையல் மணப்பை, 2006ல் அந்நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெயிற்காலப் பூச்சியும் நோயும் அணுகாமலிருக்க என்பார் சிலர். தீய சக்தி அணுகாமலிருக்க என்பார் வேறு சிலர். ஐரோப்பாவில் கொள்ளைநோய்க் காலத்தில் செல்வர்கள் ‘பொமாண்டர்’ என்ற மணவுருண்டையை இடுப்பில் தொங்கவிட்டார்கள். ‘அம்பர் ஆப்பிள்’ என்று பொருள்படும் அந்தப் பெயருக்குள் நம் அரபு ‘அன்பர்’ ஒளிந்திருக்கிறது. மணம் நோயைத் தடுக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். தடுக்கவில்லை.

எனவே தாய்மார்கள் தைப்பதற்கு முன் தங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்: இது மணத்துக்கா, காவலுக்கா? காவல் அல்லாஹ்விடம். காலையிலும் மாலையிலும் ஓதும் துஆக்கள் அதற்கு இருக்கின்றன.

அந்தப் பிள்ளையின் அத்தாவைப் பற்றியும் ஒரு சொல். பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் வேலை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பக்கத்திலுள்ள குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. அந்த வாடையைச் சுமந்து வீடு திரும்பும் மனிதரின் பிள்ளையை நம் தெருப் பிள்ளைகளே கேலி செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு நாம் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லவில்லை என்றே பொருள். நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஒருவர் அவர். தம் கையாலேயே தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர். உங்களில் நீண்ட கை உடையவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்தடைவார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது மனைவியர் உண்மையாகவே கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20ல் ஸைனப் (ரலி) முதலாவதாக மறைந்தபோதுதான், நீளம் என்றது கொடையின் நீளம் என்று விளங்கியது. தோலின் வாடையும் ஊசியும் நபியின் வீட்டில் இருந்தவை. மேட்டுப்புறத் தோட்டங்களிலிருந்து வேர்வையும் புழுதியுமாக ஜும்ஆவுக்கு வந்த உழைப்பாளிகளிடமும், இந்நாளுக்காகக் குளித்து வரலாமே என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒருவரையும் பள்ளியிலிருந்து விலக்கி உட்காரச் சொல்லவில்லை.

மணப்பை தைக்க விரும்புவோருக்காக, நன்னிமாவிடம் கேட்டறிந்த முறையைச் சொல்லிவிடுகிறோம். அவர் மறைக்காமல் சொன்னார்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். நைலான் மூச்சு விடாது, மணம் வெளியே வராது. 4 விரல் அகலம், 8 விரல் நீளம் வெட்டிக்கொண்டு, பை ஆக்குவதற்கு முன்பே, துணி விரிந்திருக்கும்போது பூத்தையலை முடித்துவிட வேண்டும். தைத்த பையின்மேல் பூப்போட முயன்றால் ஊசி இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோத்துவிடும். கொடிக்குக் காம்புத் தையல், இலைக்குச் சங்கிலித் தையல். இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது அவர் கருத்து. தாம்பரம் பக்கம் இப்போது தெருவுக்குத் தெரு ஆரி வேலை கற்றுத் தருகிறார்கள். அந்தக் கொக்கி ஊசியில் போடுவதும் சங்கிலித் தையல்தான் என்றாலும், மணப்பைக்குக் கைத்தையலே போதும் என்கிறார். கல்லும் சரிகையும் வைத்தால் பிள்ளையின் கழுத்தை உறுத்தும்.

என்ன உருவம் தைப்பது என்பதில் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆயிஷா (ரலி) உருவப்படமுள்ள திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தபோது, அத்துணியையே வெட்டித் தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். ஆகவே கிளியும் மயிலும் வேண்டாம். கொடி, இலை, நட்சத்திரக் கட்டம் போதும். அல்லாஹ்வின் திருப்பெயரையோ வசனத்தையோ அன்போடு தைக்க நினைப்பவர்கள் உண்டு. பை கழிவறைக்குள்ளும் போகும், அழுக்குத் துணியோடும் கிடக்கும். அதைத் தவிர்ப்பதே மரியாதை.

உள்ளே வைக்க: முழுக் கிராம்பு 12, அம்மியில் ஒருமுறை மட்டும் நசுக்கியது. கழுவி நிழலில் உலர்த்தி நறுக்கிய வெட்டிவேர் ஒரு பிடி. கடலூர்க் கடற்கரை மணலில் விளைந்ததற்கு மணம் கூடுதல் என்று நன்னிமா அடித்துச் சொல்கிறார். அவர் டெல்டாக்காரர், சற்றுப் பக்கச்சார்பு இருக்கலாம். காய்ந்த மகிழம்பூ கிடைத்தால் சேர்க்கலாம். காய்ந்த பிறகும் மணம் போகாத பூ அது. பொடி எதையும் போடக்கூடாது, கசிந்து கறை பிடிக்கும். அத்தரைத் துணியில் விடாமல் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு உள்ளே வைக்கலாம். கிராம்பின் எண்ணெய் தோலில் பட்டால் எரியுமாதலால், உள்ளுக்கு மெல்லிய மல் துணியில் ஒரு பொட்டணம் கட்டி அதையே பைக்குள் நுழைக்க வேண்டும். வாயை, நம் பாட்டிமாரின் சுருக்குப்பை போலச் சுருக்குக் கயிறு வைத்து முடிக்கலாம். அப்போதுதான் திறந்து மாற்ற இயலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்று ஈரமாகி உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை திறந்து வெயில் காட்டி, கிராம்பை விரலால் நெரித்து விட்டால் மணம் மீண்டும் எழும்.

கைக்குழந்தைகளின் கழுத்தில் எந்தக் கயிறும் கட்ட வேண்டாம். இறுகினால் உயிருக்கு ஆபத்து, கிராம்பு வாய்க்குள் போனாலும் ஆபத்து. தொட்டில் கம்பின் உச்சியில், கைக்கு எட்டாமல் கட்டுங்கள். பெரிய பெண்கள் இதை அலமாரியிலும் தலையணையிலும் வைத்துக்கொள்வது நன்று. பெண்களின் மணம் மென்மையாக, வெளியில் பரவாததாக இருக்க வேண்டும் என்னும் கருத்தில் திர்மிதீயில் ஹதீஸ் உள்ளது. அந்நிய ஆண்கள் நுகரும்படி மணம் பூசி வெளியே செல்வது கண்டிக்கப்பட்டும் இருக்கிறது. பெட்டிக்குள் வைக்கும் பை அந்த எல்லைக்குள் அடங்கும்.

ஹஜ், உம்ராவுக்குப் பெட்டி கட்டுவோர் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இஹ்ராம் துணி இருக்கும் பெட்டியில் மணப்பையை வைத்துவிடாதீர்கள். இஹ்ராமுக்கு முன் உடலில் மணம் பூசுவது ஸுன்னத். ஆயிஷா (ரலி) தாமே நபி (ஸல்) அவர்களுக்குப் பூசிவிட்டிருக்கிறார்கள். ஆனால் குங்குமப்பூ தோய்ந்த ஆடையை இஹ்ராமில் அணியத் தடை வந்திருக்கிறது. பல நாள் மணப்பையோடு கிடந்து மணமேறிய துணியை உடுத்துவது வீண் ஐயத்தில் கொண்டுபோய் விடும். அன்போடு மகளோ மருமகளோ வைத்துவிடுவார்கள். புறப்படும் முன் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு, அடுத்த வெள்ளியன்று மக்தபில் அந்த மாணவியையே முன்னால் அழைத்து அமரவைத்து, ஹஸன் (ரலி) அவர்களின் ஸிகாப் ஹதீஸைப் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டினோம். எல்லார் முன்னிலையிலும் கழற்றியதை எல்லார் முன்னிலையிலும் திருப்பித் தரவேண்டும் அல்லவா? பையை அவளே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கறுப்புக் கயிறு போய் வெள்ளை நாடா வந்திருந்தது. நாம் மாற்றச் சொல்லவில்லை. கேட்டபோது, “உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு நன்னிமா மாத்திட்டாங்க” என்றாள். சங்கடம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

அன்று மாலை நன்னிமாவைப் பள்ளிவாசல் அருகே கண்டு, இப்னுல் அஸீர் சொன்ன கலவையைத் தமிழில் சொன்னோம். கிராம்பு, மஹ்லப், ஸுக். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “அந்த ரெண்டாவது என்ன சொன்னீங்க ஹஜ்ரத், அது பாரிமுனையில கிடைக்குமா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றோம். சவூதியில் இருக்கும் பேரனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். அது வரும்வரை பூலாங்கிழங்கு போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார்.